காலண்டர்காரர் வீட்டுத் தேதி

20 நவம்பர் 2023, திங்கள்

பிரஷர் 150/90. காலையில் இட்லி நாலு. கேட்டால் இரண்டு என்பார். மாவு ஊற்றினது நான்.

மதுரை ஆஸ்பத்திரி நர்சம்மா சொல்லி அனுப்பியிருக்கிறாள். தினமும் பிரஷர் எவ்வளவு, என்ன சாப்பிட்டார், நடந்தால் மூச்சு வாங்குகிறதா, எல்லாவற்றையும் எழுதி வைத்து அடுத்த தடவை கொண்டுவர வேண்டுமாம். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள். பால் கணக்கு தவிர எதுவும் எழுதிப் பழக்கமில்லை. இவர் வேலை பார்க்கிற அச்சகத்தில் அட்டையைத் தலைகீழாக ஒட்டிக் கழித்த டைரி ஒன்று கிடந்ததாம், கொண்டுவந்து கொடுத்தார். பின்பக்கம் திறந்தால் முன்பக்கம் வருகிறது. எங்கள் வீட்டுக்கு ஏற்ற டைரிதான்.

இவர் என்று நான் எழுதுவது என் வீட்டுக்காரர் குருவையாவை. சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில் பிழை பார்க்கிறவர். தினம் ஒரு தாள் கிழிக்கிற காலண்டர் இருக்கிறதே, அதில் தேதியும் கிழமையும் நட்சத்திரமும் ராகு காலமும் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்து இவர் கையெழுத்துப் போட்டால்தான் மெஷின் ஓடும். ஆடிப் பதினெட்டுக்குப் பூஜை போட்டு அடுத்த வருஷக் காலண்டர் வேலையைத் தொடங்குவார்கள். அன்றையிலிருந்து இவர் குடியிருப்பது அடுத்த வருஷத்தில். உடம்பு மட்டும் என்னோடு இருக்கும்.

அந்த வியாதி இன்றைக்கு மானத்தை வாங்கிவிட்டது. டாக்டர் நெஞ்சைப் பார்த்து முடித்துவிட்டு, ஞாபகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கிற மாதிரி, "ஐயா, இன்னைக்கு என்ன தேதி?" என்று கேட்டார்.

"நவம்பர் இருபது. புதன்கிழமை."

"திங்கள் இல்லையா?"

"புதன்தான் டாக்டர். ரெண்டாயிரத்து இருபத்துநாலு, நவம்பர் இருபது, புதன்."

டாக்டர் என் பக்கம் திரும்பி, மெதுவான குரலில், "எவ்வளவு நாளா இப்படி?" என்றார்.

"ஆடி மாசத்துல இருந்து டாக்டர். தையில சரியாயிரும்."

தலைக்கு ஸ்கேன் எழுதப் போனார். நர்சம்மா விஷயத்தைக் கேட்டுச் சிரித்து, எடுத்துச் சொன்ன பிறகுதான் பேனாவை வைத்தார்.

மற்றது சிரிக்கிற விஷயமில்லை. நெஞ்சுக்குப் போகிற ரத்தக் குழாயில் மூன்று இடத்தில் அடைப்பு. மாத்திரை கொஞ்ச நாள்தான் தாங்குமாம். பொங்கலுக்குள் ஆபரேஷன் பண்ணிவிடுங்கள் என்கிறார்கள். இவர் மார்ச்சுக்கு மேல் வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். பஸ்ஸில் ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தார். காரியம் தப்பாகப் பண்ணினால்தான் கொடுப்பார்.

21 நவம்பர்

148/90. கோதுமை உப்புமா. முகம் சுளித்துக்கொண்டு சாப்பிட்டார். மார்ச்சைப் பற்றிப் பேசவில்லை.

24 நவம்பர், வெள்ளி

150/92. இட்லி மூன்று, கொத்தமல்லிச் சட்னி, தேங்காய் இல்லாமல்.

மார்ச் ஏன் என்று எழுதி வைக்கிறேன். நர்சம்மா படித்தாலும் படிக்கட்டும்.

இவர் பிறந்தது 1964, பிப்ரவரி 29. ஜாதகம் எழுதினவர் அதிலே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: அறுபது நிறையுமட்டும் உடம்பில் கத்தி படக் கூடாது. இந்த வரி இவருடைய அண்ணன் ஜாதகத்திலும் உண்டு, என் மாமனார் ஜாதகத்திலும் உண்டு. மாமனாருக்கு அறுபது நிறைய இரண்டு மாசம் இருக்கும்போது குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் பண்ணினார்கள். வீட்டுக்கு வரவில்லை. அண்ணன் ஐம்பத்தொன்பதில் சிறுநீரகக் கல் எடுக்கப் போனார். அவரும் அப்படியே. அதனால் இவருக்கு வருகிற பிப்ரவரி 29 தாண்ட வேண்டும். அதற்கு முன்னால் கத்தி என்று யாரும் பேசக் கூடாது.

நான் கேட்டேன், அப்படியானால் சவரத்துக்கு என்ன செய்வீர்கள் என்று. மயிர் உடம்பில் சேராது என்றார். நகம்? அதுவும் சேராது என்றார். நானாவது உடம்பில் சேர்த்தியா என்று கேட்டேன். பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். பேப்பர் குலுங்கியது.

கல்யாணமான நாளிலிருந்து இவர் வயசை வைத்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது. பிறந்தநாள் நாலு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும். அந்தக் கணக்குக்கு இவருக்கு இப்போது பதினாலு வயசு. பொறுப்பில்லாத வயசு, நான்தான் அனுசரித்துப் போகிறேன் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். லீப் வருஷம் வந்தால் அந்த 29ஆம் தேதித் தாளை மறுநாள் காலையில் கிழித்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுவார். வரிசையாக எட்டு ஒட்டியிருக்கிறது. ஒன்பதாவதுக்கு இடம் விட்டிருக்கிறார்.

26 நவம்பர், ஞாயிறு

152/92. திருக்கார்த்திகை. பொரி உருண்டை ஒன்று. (ஒன்று நான் கொடுத்தது. டப்பாவில் மூன்று குறைகிறது.)

சாயங்காலம் கோயிலுக்கு நடந்தோம். எப்போதும் இவர் முன்னால் போவார், நான் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவேன். இன்றைக்கு நான் முன்னால். டிரான்ஸ்பார்மர் முக்குக்கு வந்து திரும்பிப் பார்த்தால் ஆள் பாத்திரக் கடை வாசலில் பாத்திரம் பார்க்கிற மாதிரி நிற்கிறார். இவர் ஜென்மத்தில் பாத்திரம் பார்த்ததில்லை. நான் முக்கிலேயே நின்றேன். வந்து சேர்ந்தார்.

"அடுத்த வருஷத்துல இருந்து நடந்து வாரீகளோ. அதான் இவ்வளவு நேரம்."

மூச்சு வாங்கி முடித்துவிட்டுச் சொன்னார். "லீப் வருஷம் எதுக்குன்னு ஒரு தடவ கேட்டியே. இதுக்குத்தான்."

"எதுக்கு, பாத்திரம் வாங்கவா?"

"கேளு. காலண்டர் முந்நூத்தி அறுபத்தஞ்சு நாள்ல ஒரு சுத்து முடிச்சிட்டு வந்து நின்னுரும். சூரியன் அதே எடத்துக்கு வந்துசேர இன்னும் கால் நாள் பிடிக்கும். நாலு வருஷம் இப்படியே போனா முழுசா ஒரு நாள் பின்தங்கியிருப்பார். அப்ப காலண்டர் ஒரு நாள் முக்குல நின்னு அவரக் கூட்டிக்கிட்டுப் போகணும். அந்த நிக்கிற நாள்தான் பிப்ரவரி இருபத்தொம்பது."

"நிக்காமப் போயிட்டா?"

"கொஞ்ச காலத்துக்கு ஒண்ணும் தெரியாது. அப்புறம் சித்திரைன்னு காலண்டர்ல இருக்கும், வெளியே மழை பேஞ்சிக்கிட்டிருக்கும்."

அப்படியானால் நான் காலண்டர், நீங்கள் சூரியனா, மூஞ்சியைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறீர்களா என்றேன். கோயில் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தார். திரும்பும்போது ஆட்டோ பிடித்தோம். கால் வலிக்கிறது என்று நான்தான் சொன்னேன்.

3 டிசம்பர், ஞாயிறு

150/90. தோசை இரண்டு.

பக்கத்து வீட்டு மெஹருன்னிசாவிடம் சொல்லி அழுதேன் என்று எழுத மாட்டேன், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். அவள்தான் ஒரு வழி சொன்னாள். அவர்கள் வருஷம் நிலாவைப் பார்த்து எண்ணுகிற வருஷம். நம் வருஷத்தைவிடப் பதினோரு நாள் குட்டை. அதனால்தான் ரம்ஜான் ஒரு வருஷம் வெயிலில் வருகிறது, ஒரு வருஷம் மழையில் வருகிறது.

"சங்கரிக்கா, எங்க கணக்குப்படி பாத்தா அண்ணனுக்குப் போன வருஷமே அறுபது முடிஞ்சிருச்சு. நீங்க எதுக்கு மாசி வரைக்கும் காத்துக் கிடக்கீங்க?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். உங்கள் காலண்டரிலேயே மூலையில் அந்தத் தேதியும் போடுகிறீர்களே, அது பொய்யா என்று கேட்டேன்.

பொய் இல்லை என்றார். நிலாக் கணக்கும் சரி, சூரியக் கணக்கும் சரி, இரண்டுக்கும் அவர்தான் கையெழுத்துப் போடுகிறார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். நிலாக் கணக்கில் பார்த்தால் மாமனாருக்கும் அறுபது எப்போதோ தாண்டியிருந்தது. அண்ணனுக்கும் தாண்டியிருந்தது. கத்தி அதைப் பார்க்கவில்லையே.

இதை மெஹருவிடம் போய்ச் சொன்னேன். வெங்காயத்தை அவளே நறுக்கி முடித்துக் கொடுத்தனுப்பினாள்.

9 டிசம்பர், சனி

154/94. மத்தியானம் கீரை, மோர்.

திருத்தங்கல் ஜோசியரைப் போய்ப் பார்த்தேன். இவரிடம் அத்தை மகளைப் பார்க்கப் போவதாகச் சொன்னேன். போகிற வழியில் அவளையும் எட்டிப் பார்த்துவிட்டேன், அதனால் பொய்யில் சேராது.

ஜோசியர் நல்ல மனுஷர். விரல் விட்டு எண்ணிவிட்டு, சாவன வருஷம் என்று ஒன்று இருக்கிறதம்மா என்றார். மாசத்துக்கு முப்பது நாள், வருஷத்துக்கு முந்நூற்று அறுபது, அவ்வளவுதான், சூரியனும் கிடையாது நிலாவும் கிடையாது. அந்தக் கணக்கில் சில பேர் ஆயுள் பார்ப்பதுண்டாம். அதன்படி இவருக்குப் போன சித்திரையிலேயே அறுபது நிறைந்தாயிற்று. ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து காபி கொடுத்து, கால் நீட்டி உட்கார்ந்த நேரமாகப் பார்த்துத் தாளை நீட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார். பிழை இருக்கிறதா என்று பார்க்கிற அதே முகம். கணக்கில் பிழை இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப நாளைக்கு மதுரைக்கு போன் பண்ணவா?"

"சங்கரி, எந்தக் காலண்டர் வசதியோ அதப் பாத்துக்கிடுறது எங்க தொழிலுக்கு ஆகாது. இத்தனை வருஷத்துல ஒரு தப்புத் தேதிக்கு நான் கையெழுத்துப் போட்டதில்ல."

உங்களைக் கையெழுத்துப் போடச் சொல்லவில்லை, படுக்கத்தானே சொல்கிறார்கள் என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. இவர் பிடிவாதமாக இல்லை. பயந்து போயிருக்கிறார்.

10 டிசம்பர்

150/90. இட்லி மூன்று. நானும் மூன்று.

19 டிசம்பர், செவ்வாய்

156/94. ஓட்ஸ் கஞ்சி. இதற்குப் பேப்பர் ஒட்டுகிற பசையே தேவலை என்றார்.

அச்சகத்தில் வேலை முடிந்தது. கடைசிக் கட்டும் லாரியில் ஏறிவிட்டது. முதலாளி கூப்பிட்டு, உடம்பைப் பார், தையில் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டாராம். வீட்டுக்குப் புதுக் காலண்டர் கொண்டுவந்து அடுப்படி வாசலில் ஆணியில் மாட்டினார்.

எங்கள் வீட்டில் காலண்டர் கிழிப்பது இவர் மட்டும்தான். குளித்து, நெற்றிக்குத் துன்னூறு பூசி, இடது கையால் கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு கிழித்தால், ஸ்கேல் வைத்து வெட்டின மாதிரி வரும். கல்யாணமான புதிதில் ஒரு நாள் நான் கிழித்தேன். பாதித் தேதி அட்டையிலேயே நின்றுவிட்டது. அன்றைக்குப் போன உரிமை இன்றுவரை திரும்பவில்லை. முந்தின நாள் சாயங்காலமே கிழிக்கிற வீடுகளைக் கண்டால் இவருக்கு ஆகாது. விடியாத நாளுக்கு என்ன அவசரம் என்பார். நாலு மாசமாக அடுத்த வருஷத்தில் குடியிருக்கிறவர் சொல்கிற பேச்சு இது.

பிப்ரவரி எங்கே இருக்கிறது என்று கட்டை விரலால் தள்ளிப் பார்த்தேன். அதிக தூரமில்லை என்றுதான் தோன்றியது.

1 ஜனவரி 2024, திங்கள்

150/90. புது டைரி. அட்டை நேராக ஒட்டியிருக்கிறது. எனக்குத்தான் திறக்கத் தெரியவில்லை.

இனிமேல் இரண்டு பேரும் ஒரே வருஷத்தில் இருக்கிறோம். தேதி கேட்டால் சரியாகச் சொல்கிறார். என்னமோ மாதிரி இருக்கிறது.

6 ஜனவரி, சனி

170/100. ரசம் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. எழுத ஒன்றும் இல்லை.

8 ஜனவரி, திங்கள்

158/96. கஞ்சி.

சனிக்கிழமை நடந்ததை எழுதாமல் விட்டேன். பத்து மணி இருக்கும். ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். முற்றத்தில் துணி காயப்போடுகிறேன் என்று போனவர் சத்தத்தைக் காணோம். போய்ப் பார்த்தால் வாளியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறார். சட்டையெல்லாம் வேர்வை. மெஹரு வீட்டுக்காரர் ஆட்டோவில் ஏற்றினார். இங்கே ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மதுரைக்கு போனில் பேசினார்கள். பெரிய அட்டாக் இல்லை, ஆனால் இதைவிடத் தெளிவாக உடம்பு சொல்லாது, இந்த மாசத்துக்குள் வந்துவிட வேண்டும், பிப்ரவரி கடைசிவரை நாங்கள் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

கோயம்புத்தூரிலிருந்து மகள் கோமதி போனில் அழுதாள். அப்பாவை நாலு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு போங்கள் என்றாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இன்னும் ஒன்றரை மாசம்தானேம்மா என்றார்.

வாளியை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். துணி இனிமேல் நானே காயப்போடுகிறேன்.

11 ஜனவரி

154/94. இட்லி இரண்டு. கேட்டபோதும் இரண்டு என்றார்.

15 ஜனவரி, திங்கள்

152/92. பொங்கல். இவருக்கு இரண்டு கரண்டி, அதுவும் சப்பென்று.

பொங்கப் பானை பொங்கினது. முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தேன். இவராகவே பேச்சுக் கொடுத்தார். பொங்கல் சில வருஷம் பதினாலு, சில வருஷம் பதினைந்து, ஏன் தெரியுமா என்றார். எனக்குத் தெரியாது என்று இவருக்குத் தெரியும்.

சூரியன் வருஷத்துக்குக் கால் நாள் பிந்தி மகர ராசிக்குள் நுழைகிறாராம். பிந்திப் பிந்தி வந்து பதினைந்தாம் தேதியில் விழுவார். லீப் வருஷத்தில் பிப்ரவரியில் ஒரு நாளைச் சேர்த்ததும் மறுவருஷம் மறுபடி பதினாலுக்கு இழுத்துக்கொண்டு வருவார்கள். ஆனால் நம் தை நட்சத்திரத்தைப் பார்த்து நடப்பது, இங்கிலீஷ் காலண்டர் வெயில் மழையைப் பார்த்து நடப்பது. இரண்டுக்கும் ஒரு துளி வித்தியாசம். அந்தத் துளியை எந்த லீப் வருஷமும் சரிக்கட்டாது. அவர் தாத்தா காலத்தில் பொங்கல் பதிமூன்றுக்கு வந்ததாம். இப்படியே தள்ளித் தள்ளி, ஒரு காலத்தில் பிப்ரவரியில் பொங்கல் வைப்பார்களாம்.

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். கரும்பை அதுவரைக்கும் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவா என்று நான் கேட்க வேண்டிய இடம் அது. எனக்கே தெரிந்தது.

"சரிங்க" என்றேன்.

"என்ன, ஒரு வாரமா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிற?" என்றார்.

என்ன சொல்ல என்றேன்.

"ஏதாவது."

பானையை இறக்கிவிட்டு உள்ளே போனேன். எனக்கு அடுப்பு வேலை இருந்தது.

16 ஜனவரி

150/90. எழுத ஒன்றும் இல்லை. இவர் காலண்டர் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். கிழித்தது ஒரு தாள்தான்.

18 ஜனவரி, வியாழன்

148/90. இட்லி மூன்று.

நான் இட்லிச் சட்டியை இறக்கிக்கொண்டிருந்தேன். இவர் குளித்துவிட்டு வந்தார். துன்னூறு பூசினார். காலண்டரில் கை வைத்தார். வழக்கமாக ஒரு சத்தம் கேட்கும். இன்றைக்கு நிற்காமல் கேட்டது. எட்டிப் பார்த்தால் தாள் தாளாகக் கிழித்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொன்றும் நேராக. கிழித்துக் கிழித்து இடது கையில் அடுக்கிக்கொள்கிறார். ஜனவரி முடிந்தது. பிப்ரவரியிலும் போகிறார். உண்மையிலேயே தலைக்கு ஸ்கேன் எடுத்திருக்க வேண்டுமோ என்று நினைத்தேன்.

இருபத்தெட்டைக் கிழித்துவிட்டு நிறுத்தினார். அட்டையில் பிப்ரவரி 29 நின்றது. கிழித்த தாளையெல்லாம் தட்டிச் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு அலமாரியில் வைத்தார். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார்.

"இன்னைக்கு என்ன தேதி?"

காலண்டரைக் காட்டினேன்.

"வாசி."

"பிப்ரவரி இருபத்தொம்பது. வியாழன்."

"அறுபது நெறஞ்சிருச்சு. மதுரைக்கு போன் பண்ணு."

நான் இட்லித் துணியோடு அப்படியே நின்றேன். எத்தனையோ சொல்ல வந்தது. கடைசியில் வாயில் வந்தது இதுதான்: "தப்புத் தேதிக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்னீகளே."

"கிழமை சரிதானே. இன்னைக்கும் வியாழன், அன்னைக்கும் வியாழன். அதுக்காகத்தான் மூணு நாளாப் பொறுத்தேன்."

திங்கள், செவ்வாய், புதன். பொங்கலன்றைக்கே முடிவு பண்ணியிருக்கிறார் மனுஷர். அதற்கப்புறம் மூன்று நாள் என்னிடம் சொல்லாமல் தவிக்க விட்டிருக்கிறார்.

பதினாலு வயசிலேயே நின்ற பையனுக்கு ஒரு வழியாகப் பதினைந்து ஆகிவிட்டது, இனிமேலாவது பொறுப்பு வரட்டும் என்றேன். குரல்தான் கொஞ்சம் கோணலாக வந்தது. இட்லி ஆவி. அவர் சிரித்தார். பத்து நாளுக்கு மேல் கழித்து அந்தச் சிரிப்பைப் பார்க்கிறேன்.

போன் பண்ணிவிட்டேன். ஞாயிறு சேர்க்கிறார்கள். திங்கள் ஆபரேஷன்.

21 ஜனவரி, ஞாயிறு, மதுரை

பிரஷர் இங்கே அவர்களே பார்க்கிறார்கள். என்னை எழுத வேண்டாம் என்றார்கள். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

அதே நர்சம்மா. ஊசி குத்திக்கொண்டே தேதி கேட்டாள்.

"பிப்ரவரி இருபத்தொம்பது" என்றார் இவர், கண்ணிமைக்காமல்.

நர்சம்மா என்னைப் பார்த்தாள். "ஏம்மா, தையில சரியாயிரும்னுதானே சொன்னீங்க. இப்பத் தைதான?"

"இந்த வருஷம் மாசி வரைக்கும் போகும்மா" என்றேன்.

அவள் போன பிறகு கையைப் பிடித்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. ஏசி என்றார். ஆமாம், ஏசிதான்.

22 ஜனவரி, திங்கள்

காலை ஏழு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள்.

கோமதி டீ வாங்கப் போயிருக்கிறாள். மெஹரு கொடுத்த பேரீச்சம்பழம் பையில் அப்படியே இருக்கிறது. எதிர்ச் சுவரில் ஒரு காலண்டர். எங்கள் அச்சகத்துடையது, பார்த்ததும் தெரியும். நேற்றைய தேதியிலேயே நிற்கிறது. இவ்வளவு பேர் நடமாடுகிறார்கள், ஒருத்தருக்கும் கிழிக்கத் தோன்றவில்லை.

எழுந்து பக்கத்தில் போனேன். கோணலாகக் கிழிந்துவிடும் என்று வந்துவிட்டேன். இவர் வெளியே வந்து பார்த்தால் ஏன் கிழிக்கவில்லை என்று கேட்பார்.

கேட்கட்டும்.

23 ஜனவரி, செவ்வாய்

கண் திறந்தார். காலையில் வாய்க் குழாயை எடுத்துவிட்டார்கள். மத்தியானம் என்னை ஐந்து நிமிஷம் உள்ளே விட்டார்கள். நெஞ்சு முழுக்கக் கட்டு. பக்கத்தில் குனிந்தேன். உதடு அசைந்தது. ஏதோ என்னைப் பற்றித்தான் கேட்கிறார் என்று காதைக் கொண்டுபோனேன்.

"வெளிய காலண்டர் கிழிச்சாகளா? போகும்போது பாத்தேன். இருபத்தொண்ணுல நின்னுச்சு."

கிழித்துவிட்டார்கள் என்றேன். அங்கே மருந்து நெடி அதிகம். கண்ணில் நீர் வந்துகொண்டே இருந்தது.

1 பிப்ரவரி, வியாழன், சிவகாசி

134/84. இட்லி இரண்டு. வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அடுப்படி வாசலில் காலண்டர் பிப்ரவரி 29 என்று நிற்கிறது. உள்ளே வந்ததும் அதைத்தான் பார்த்தார். ரப்பர் பேண்ட் போட்ட கட்டை எடுத்து மறுபடி செருகிவிடவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

"நிக்கட்டும். ஊர் வந்து சேரட்டும்."

12 பிப்ரவரி

132/82. தோசை இரண்டு, தக்காளிச் சட்னி.

தேதி தெரிய வேண்டுமென்றால் மெஹரு வீட்டுக்குப் போகிறேன். காலண்டர்காரர் வீட்டிலிருந்து தேதி கேட்டு வருகிற ஆளை உலகத்தில் எங்கும் பார்த்ததில்லை என்கிறாள். அவள் எங்கள் வீட்டுக்கு வந்தால் காலண்டர் பக்கம் பார்க்க மாட்டாள். சும்மா வந்துபோனதற்கு வயசு கூடிவிடுகிறதாம்.

கேஸ் கொண்டுவந்தவர் காலண்டரைப் பார்த்துப் பதறிப்போய் போனை எடுத்துப் பார்த்தார். இவருக்கு அன்றைக்கு முழுக்கச் சந்தோஷம். சிரித்தால் நெஞ்சு வலிக்கிறது என்று தலையணையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

29 பிப்ரவரி, வியாழன்

130/80. இட்லி மூன்று. சேமியாப் பாயசம் மெஹரு கொடுத்தது, இரண்டு ஸ்பூன். மூன்றாவது ஸ்பூனுக்கு அவள்தான் பொறுப்பு.

ஊர் வந்து சேர்ந்தது. காலையில் எழுந்து பல்கூட விளக்காமல் மெஹரு வீட்டுக் காலண்டரைப் போய்ப் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டுக் காலண்டரைப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே தேதி. இவரிடம் சொன்னேன். நான் அப்போதே சொன்னேனே என்ற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டார்.

ஜோசியர் ஆள் மூலமாகக் குங்குமம் அனுப்பியிருந்தார். கோமதி வந்திருக்கிறாள். எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்தி மாலை மாற்றச் சொன்னாள். மாலை கனம் நெஞ்சுக்கு ஆகாது என்று நான் ஒரு மல்லிகைச் சரத்தைப் போட்டேன். இவரும் எனக்கு ஒரு சரம் போட்டார். போன மாசம்தான் அறுபது முடிந்தது, இப்போது மறுபடியும் முடிகிறது, அப்படியானால் இவருக்கு நூற்றிருபது, எனக்கு ஏன் இந்தக் கிழவன் என்று கேட்டேன். கோமதி என்னை அடிக்க வந்தாள்.

சாயங்காலம் கோயிலுக்கு நடந்தோம். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். கோமதியிடம் பை கொடுத்து அனுப்பிவிட்டு நான் டிரான்ஸ்பார்மர் முக்கில் போய் நின்றுகொண்டேன். பாத்திரக் கடை வந்தது. இவர் பாத்திரம் பார்க்கவில்லை. மெதுவாகத்தான் வந்தார். நடுவில் நிற்காமல் வந்தார்.

"ரொம்ப நேரமா நிக்கிறியா?"

"இப்பத்தான் வந்தேன்" என்றேன்.

1 மார்ச், வெள்ளி

130/80. இட்லி மூன்று. மூன்றுதான், நான் பார்த்தேன்.

குளித்து, துன்னூறு பூசி வந்தார். ஆறு வாரமாகத் தொடாத காலண்டர் முன்னால் நின்றார். இடது கையால் கட்டை அழுத்திப் பிடித்தார். கிழிக்கவில்லை.

"சங்கரி, இங்க வா. நீ கிழி."

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போய்க் கிழித்தேன்.

கோணல்தான். அலமாரிக் கதவில் ஒன்பதாவதாக ஒட்டியிருக்கிறோம். மற்ற எட்டும் ஸ்கேல் வைத்த மாதிரி இருக்க, இது மட்டும் பல்லால் கடித்த மாதிரி இருக்கிறது. ஒன்பது என்கிற எண்ணின் ஒரு வால் இன்னும் அட்டையிலேயே நிற்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு அதையும் பார்த்தார், இதையும் பார்த்தார்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு அலமாரிக் கதவைச் சாத்தினார்.